லாந்தர்க்காரன் நடக்கும் வீடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கே? முட்டிவலி குறைஞ்சுதா? கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கியா, நடுவுல கொஞ்சம் உட்கார்றியா? ஃபோன்ல கேக்க வேண்டியதைக் காகிதத்துல கேக்கறானேன்னு சிரிக்காதே. எங்க கம்பெனி தயாரிக்கற கம்ப்யூட்டர் விளையாட்டோட வீடியோ துண்டு ஒண்ணு எப்படியோ வெளியில கசிஞ்சுபோச்சு. அன்னையிலிருந்து ஆபீஸ்ல எல்லார் ஃபோனையும் வாங்கிப் பாக்கறாங்க, மெயிலையும் படிக்கறாங்க. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கறவன் தபால்பெட்டி எங்க இருக்குன்னு தெருத்தெருவா விசாரிச்சேன். ஒருத்தருக்கும் தெரியலை.

விஷயத்துக்கு வர்றேன். 'அடைத்த வீடு' மார்ச்ல வெளிவருது. இப்பவே பணம் கட்டி முன்பதிவு பண்ணுங்க, பண்றவங்களுக்கு விளையாட்டுக்குள்ள போட்டுக்க ஒரு சிவப்புக் கோட்டு இனாம்னு விளம்பரம் ஓடுது. நீயும் பாத்திருப்பே. பண்ணாதேக்கா. பொதுவாத்தான் சொல்றேன். எந்த விளையாட்டா இருந்தாலும் வெளிவரட்டும், நாலு பேர் விளையாடிப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் வாங்கறதுதான் புத்திசாலித்தனம். தவிர, மாமாவோட கம்ப்யூட்டர் பழசு. இதைத் தாங்காது.

வேற விசேஷம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. வீட்ல ஒத்தையா இருக்கப் பயமா இருந்தா பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கோ.

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 27

தம்பிக்கு,

உன் கடுதாசி வந்து சேர்ந்தது. இங்க எல்லாம் சுகம். முட்டி அதும்பாட்டுக்கு வலிக்குது, நானும் அதும்பாட்டுக்கு விட்டுட்டேன். நீ தூங்கறியா? கையெழுத்தைப் பாத்தா தூங்கற ஆள் எழுதின மாதிரித் தெரியலை.

நீ சொல்றதுக்கு முன்னாடியே பணம் கட்டியாச்சு. முன்பதிவு திறந்த அன்னைக்கே கட்டிட்டேன். பிள்ளை பொறக்கறதுக்குள்ள பேர் வெச்ச கதையா இருக்கேன்னு நீ நக்கல் பண்ணுவே. என் கடையில மட்டும் என்னவாம், கண்ணாடிக்கு அட்வான்ஸ் வாங்காம நாங்க லென்ஸை வெட்டறதில்லை. யாரும் அழுததில்லை.

நான் எதுக்குக் கட்டினேன்னு உனக்குத் தெரியாதா? உங்க மாமாதானே அதுக்கு சவுண்டு. பின்னறை சுவரெல்லாம் பழைய மெத்தையை அடிச்சு, அதுக்குள்ள மைக்கை வெச்சுக்கிட்டு, விளையாட்டுல வர்ற அந்த லாந்தர்க்காரனுக்காக எத்தனை நாள் நடந்தார் தெரியுமா? ஒரு நாள் செருப்பு, ஒரு நாள் பூட்ஸ், ஒரு நாள் வெறுங்கால். ஒரு தட்டு நிறைய ஜல்லியைக் கொட்டி அது மேல நடந்தார். நான் மிக்ஸியைப் போட்டா ஓடி வந்து கும்பிடுவார். நடை அவரோடது, கனைப்பு அவரோடது, மூச்சு அவரோடது. அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. அவர் சத்தம் மிச்சம் இருக்கற இடம் அது ஒண்ணுதான். அதை வாங்காதேன்னு நீ எழுதறே.

ஊழியர்களுக்குத் தர்ற இலவசப் பிரதி இந்த வீட்டுக்கு வராதாம். அப்படின்னு யாரும் சொல்லலை, பட்டியல்ல அவர் பேரைக் காணோம், அவ்வளவுதான். அதனால காசு குடுத்து வாங்கினேன். நீ எதையோ சுத்தி வளைக்கறே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற வேலை உனக்குச் சின்ன வயசுலயே வராது. நேராச் சொல்லு.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல்னு எழுதினா நீ அடிக்க வருவே. உடம்பு பரவாயில்லை. ஆபீஸ்லயே படுக்கை, ஆபீஸ்லயே குளியல்.

மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. கட்டினது கட்டியாச்சு, போகட்டும். வந்ததும் ஒண்ணு செய். செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் குறைச்சு வெச்சுக்கோ. வீட்டோட கீழ்த்தளத்துல மட்டும் சுத்து, மாடிக்குப் போகாதே. விளையாடறவங்க எழுதற பக்கம் எதையும் படிக்காதே. கண்ட கண்ட பேச்செல்லாம் பேசுவாங்க.

நேரமில்லை. அப்புறம் விவரமா எழுதறேன்.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். நான் இருக்கேன்.

விளையாட்டு வந்தது. அறுபது வயசுக்குப் பத்து வயசு கம்மி எனக்கு, இதுவரைக்கும் சீட்டுக்கட்டைத் தவிர எதையும் விளையாடினதில்லை. எங்க கடையில லென்ஸ் தேய்க்கறவர் வந்து எல்லாத்தையும் போட்டுக் குடுத்து, எந்தப் பொத்தான் எதுக்குன்னு ஒட்டுத்தாள்ல எழுதி ஒட்டிட்டுப் போனார். ஒரு பெரிய வீட்டுக்குள்ள நம்மளை வெச்சுப் பூட்டிட்டாங்க. சாவியைத் தேடி வெளியில போகணும். நடுநடுவுல லாந்தர்க்காரன் வருவான், அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கணும். அவன் கண்ணுல பட்டா விளக்கை ஊதி அணைச்சுடுவான், ஆட்டம் முடிஞ்சுது. இதானே?

முதல்ல கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். தலையைத் திருப்பினா படம் அப்படியே நிக்குது, அப்புறம் திடுக்குனு எங்கயோ போய் நிக்குது. விசிறி கத்தற கத்துல டீச்சர் என்னம்மா மாவு மிஷினான்னு கேட்டுக்கிட்டு வந்துட்டாங்க. அவங்களை அனுப்பிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். மத்தியானம், எனக்கு வாராந்திர லீவு. நல்ல வெயில். நீ வேண்டாம்னு சொன்ன மாடிக்கே ஏறி மூணாவது ரூமுக்குள்ள போனேன்.

அவர் கனைச்சார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த ரூமுக்குள்ள வந்தாலும் வாசல்ல ஒரு தடவை, உள்ள வந்து ஒரு தடவை. நான் துணி மாத்திக்கிட்டு இருந்தா தெரியட்டும்னு கல்யாணமான புதுசுல ஆரம்பிச்ச பழக்கம். நான் வாய்விட்டு, 'வாங்க, நான்தான் இருக்கேன்'னு சொல்லிட்டேன். அப்புறம்தான் சத்தம் ஸ்பீக்கர்ல வந்ததுன்னு உறைச்சுது. ஒரு அடி கேக்கும். நிக்கும். ரொம்ப நேரம் நிக்கும். அப்புறம் அடுத்த அடி. இவ்வளவு தயங்கித் தயங்கி அவர் நடந்து நான் பாத்ததில்லை.

நான் ஏன் அவரைப் பாத்து ஒளியணும்? நேராப் போய் முன்னாடி நின்னேன். முகமே இல்லை, கோட்டும் தொப்பியும்தான். விளக்கைத் தூக்கிப் பாத்தார், ஊதினார், இருட்டு. மறுபடியும் போனேன், மறுபடியும் ஊதினார். அப்புறம்தான் புத்தி வந்தது. ஒளிஞ்சாத்தான் அவர் ரொம்ப நேரம் நடப்பார். இப்ப அலமாரிக்குள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். சாவியெல்லாம் தேடறதில்லை.

ஒண்ணு சொல்லட்டுமா? விளையாட்டை மூடினப்புறமும் பின்னறையில அடி கேக்குது. போய்ப் பாத்தா மெத்தைதான் இருக்கு.

உன் அக்கா

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? என் கடுதாசி கிணத்துல போட்ட கல்லா கிடக்கு.

நீ படிக்காதேன்னு சொன்னதைப் படிச்சுட்டேன். அடேயப்பா, என்ன சண்டை. ஒரு பிள்ளை எழுதறான், முன்பணம் கட்டின மாக்கான்களாலதான் கம்பெனிக்காரன் அரைவேக்காட்டை எடுத்து விக்கறான், காசு கைக்கு வந்தப்புறம் எவன் ஒழுங்கா முடிப்பான்னு. இன்னொருத்தன், முன்பணம் வரலைன்னா சின்னக் கம்பெனி எப்படிச் சம்பளம் குடுக்கும்னு மல்லுக்கு நிக்கறான். மூணாவது ஒருத்தன் அவன் அம்மாவை இழுக்கறான். எனக்குப் பொறுக்கலை. 'கண்ணாடிக்கடை'ன்னு பேர் வெச்சுக்கிட்டு நானும் எழுதினேன். பவர் தப்பாப் போச்சுன்னா கடைக்காரன் லென்ஸை மாத்தித் தரணும், ஏன்யா அட்வான்ஸ் குடுத்தேன்னு வாங்கினவனைக் கேக்கக் கூடாதுன்னு. ஏகப்பட்ட லைக். கொஞ்ச நேரம் தலைகால் புரியலை.

அதுக்குக் கீழயே ஒருத்தன் கணக்குப் போட்டுக் காமிச்சிருந்தான். லாந்தர்க்காரன் பக்கத்துல இல்லாதப்ப விளையாட்டு நல்லா ஓடுதாம். அவன் நடக்க ஆரம்பிச்சாத்தான் திக்குதாம். 'அந்தாளைத் தூக்குங்க, எல்லாம் சரியாயிடும்'னு எழுதியிருந்தான். அதுக்கு என்னைவிட லைக் ஜாஸ்தி. ஆளாளுக்குத் தூக்கு, தூக்குன்னு எழுதறாங்க.

அவங்க சொல்றது நிஜமாடா? பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. உடம்பு நல்லா இருக்கு. நீ பின்னறையில சத்தம் கேக்குதுன்னு எழுதினதுலருந்து எனக்கு மனசு சரியில்லை. டாக்டரைப் பாத்தியா?

நிஜம்தான். எல்லா விளையாட்டுலயும் காலடிச் சத்தம்னா நாலஞ்சு பதிவை வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுவாங்க. மாமா ஒத்துக்கலை. எந்தத் தரை, எவ்வளவு பெரிய ரூம், கதவு திறந்திருக்கா மூடியிருக்கா, நீ எந்தச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கே, எல்லாத்தையும் ஒவ்வொரு அடிக்கும் மெஷின் புதுசாக் கணக்குப் போட்டு எதிரொலியைத் தரணும்னார். தந்தது. கேட்டவங்க மிரண்டு போனாங்க. ஆனா மெஷினுக்கு மூச்சு முட்டுது. இதை இளைக்க வெக்க வழி இருக்கு, நாலு மாசம் குடுங்கன்னு மாமா கேட்டார். முன்பதிவுக்கு நாள் குறிச்சாச்சு, வெளிவர்ற தேதியும் சொல்லியாச்சு, ஒரு நாள்கூட நகர்த்த முடியாதுன்னுட்டார் கம்பெனி டைரக்டர். அதுக்கப்புறம் அவருக்கு வேலை போனது உனக்குத் தெரியும்.

இப்ப நிலைமை மோசம். வாங்கினவங்க திருப்பிக் குடுத்துக்கிட்டே இருக்காங்க. சம்பளம் பாதிதான் வந்தது. அக்கா, நீயும் அதைத் திருப்பிக் குடுத்துடு. பணத்துக்காகச் சொல்லலை. தினம் அதும் முன்னாடி உட்கார்றது உனக்கு நல்லதில்லை.

தம்பி

*

மே 6

டேய்,

நான் நல்லா இருக்கேன், டாக்டரும் நல்லா இருக்கார், காதுல கோளாறு இல்லையாம்.

திருப்பிக் குடுக்க மாட்டேன். இனி அப்படி ஒரு யோசனை சொன்னே, மூஞ்சியிலயே முழிக்காதே. அவருக்கு ஓலை வந்தது எதனாலன்னு நாலு வரியில எழுதிட்டு, அதும்பாட்டுக்குப் போகட்டும்னு டாக்டரைப் பாக்கச் சொல்றே. படிச்சு முடிச்சதும் கடையில போய் ஒரு பெரியவருக்கு இடது லென்ஸை வலதுல மாட்டிக் குடுத்துட்டேன். இத்தனை வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதில்லை.

நடையைப் பத்தி இவ்வளவு எழுதினியே, நடக்கறவரை என்ன பண்ணப் போறீங்கன்னு ஏன் எழுதலை? நான் என்ன குழந்தையா? லென்ஸ் தேய்க்கறவரைக் கேட்டேன். இந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் 'பேட்ச்'னு ஒண்ணு அனுப்புவாங்க, நெட் வழியாத் தானா வந்து உக்காந்து பழசை மாத்திடும்னு சொன்னார். அப்பவே கம்ப்யூட்டர் பின்னாடி இருந்த நெட் வயரைப் பிடுங்கிட்டேன்.

போன வாரம் அவர் வாசப்படியிலயே நின்னுட்டார். ஒரு கனைப்போட சரி, உள்ள வரலை. லாந்தர் மட்டும் ஆடுது. நான் தட்டை எடுத்துக்கிட்டு வந்து அங்கயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிட்டு வந்து பாத்தேன், நின்னுக்கிட்டு இருந்தார். பயமா இல்லைன்னு சொன்னா பொய். ஆனா எழுந்து போக மனசு வரலை.

அக்கா

*

ஜூன் 4

அக்கா,

எப்படி இருக்கேன்னு கேக்காதே. நீ நல்லா இருந்தாப் போதும்.

நேராவே எழுதிடறேன். பேட்ச் தயாராகுது. அதுல லாந்தர்க்காரன் கிடையாது. அவனுக்குப் பதிலாக் கதவுங்க தானாச் சாத்திக்கும். அவனை எடுக்கறது நான்தான்.

டைரக்டர் ஒரு அறிக்கை எழுதி எங்க எல்லாருக்கும் காமிச்சார். 'எங்களிடம் முன்பு பணியாற்றிய ஒலிப்பதிவாளரின் வேலையில் ஏற்பட்ட குறைபாடு' அப்படின்னு ஒரு வரி. பேர் இல்லை, ஆனா யாருன்னு தேடினா ரெண்டு நிமிஷம். தூக்கு தூக்குன்னு கத்தறவங்க எல்லாம் மாமா பேரைப் பிடிச்சுக்குவாங்க. நான் டைரக்டர் ரூமுக்குப் போனேன். 'அந்த வரியை எடுங்க, ஆளை நானே எடுத்துத் தர்றேன்'னு சொன்னேன். சரின்னார். மாமா எழுதி வெச்சதை வேற யாராலயும் சீக்கிரம் பிரிச்சு எடுக்க முடியாதுன்னு அவருக்கும் தெரியும்.

வயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அப்பப்ப எங்க சர்வரைக் கேட்டுக்காம அது திறக்காது. ஆனா பூட்டில்லாத பழைய பிரதி ஒண்ணு என்கிட்ட இருக்கு. கொண்டுவந்து போட்டுட்டா சாகற வரைக்கும் ஓடும். தெரிஞ்சா வேலை போகும், கேஸ்கூடப் போடுவாங்க. போடட்டும். சரின்னு ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ல வர்றேன்.

தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். பிரதி வேண்டாம். வேலையை விட்டுடாதே.

பேட்ச் எந்தத் தேதின்னு மட்டும் சரியா எழுது.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

இருபத்தி எட்டாம் தேதி, காலையில.

ஏன் வேண்டாங்கறேன்னு எனக்குப் புரியலை. கோவமா? கோவமா இருந்தா நல்லாத் திட்டியாவது எழுது. எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டேன். கடைசியா அந்தக் கனைப்பு. அதை எடுக்கறப்ப ஹெட்ஃபோனைக் கழட்டிட்டேன், கேக்க முடியலை.

தம்பி

*

ஜூலை 5

என் தம்பிக்கு,

இங்க நான் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னு நிஜமாவே வேண்டிக்கிட்டு எழுதறேன். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கு.

கோவம் இல்லைடா. இருந்தது, போயிடுச்சு. கையில கத்தியை எடுத்தவனுக்குத்தான் நடுக்கம் தெரியும். எனக்குத் தெரியும்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லலை. மாமா தூக்கத்துலயே போயிட்டார்னு சொன்னேன்ல, அது பொய். நீ அன்னைக்கு ஆபீஸை விட்டு வர முடியாம மறுநாள்தான் வந்தே, அந்த உறுத்தல் உனக்கு ஏற்கெனவே இருந்தது, அதுக்கு மேல இது எதுக்குன்னு சொல்லலை. ஆஸ்பத்திரியில அவருக்கு மூச்சை மெஷின்தான் விட்டுக்கிட்டு இருந்தது. மூளையில ஒண்ணும் மிச்சம் இல்லை, நிறுத்தறதா வெச்சிருக்கறதா, நீங்கதான் சொல்லணும்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டதும், வெளியில இருங்கம்மா, முடிஞ்சதும் கூப்பிடறோம்னாங்க. சரின்னு தலையை ஆட்டிட்டு வராந்தாவுல போய் நின்னேன். உள்ள இருக்கேன்னு சொல்லியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டாங்க. எனக்குத்தான் தைரியம் இல்லை. கூப்பிட்டப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. அன்னையிலிருந்தே பின்னறையில அந்தச் சத்தம், உனக்குத்தான் லேட்டா எழுதினேன்.

பூட்டில்லாத பிரதி சாகற வரைக்கும் ஓடும்னு எழுதினே பாரு, அதைப் படிச்சதும் எனக்கு அந்த மெஷின்தான் ஞாபகம் வந்தது. அதான் வேண்டாம்னேன்.

இருபத்தி எட்டாம் தேதி கடைக்கு லீவு சொன்னேன். காலையில குளிச்சு, நல்ல சேலை கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் பாத்திருந்தா பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. மூணாவது ரூமுக்குப் போனேன். வாசல்ல கனைச்சார். வழக்கம்போல நின்னார். நான் அவசரப்படுத்தலை. உள்ள வந்து ரெண்டாவது தடவை கனைச்சார். நடந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார், ஒவ்வொரு அடிக்கும் திக்கித் திக்கி. அலமாரியைத் திறந்துக்கிட்டு வெளியில வந்து அவர் எதிர்ல நின்னேன்.

விளக்கைத் தூக்கி என்னைப் பாத்தார். ஊத ஆரம்பிச்சார். மத்தவங்க மெஷின்ல எப்படியோ, என் மெஷின்ல அந்த மூச்சு ஒரேயடியா வரலை. கொஞ்சம் வரும், நிக்கும். வரும், நிக்கும். ஊருல இருக்கறவங்க எல்லாம் அதுக்குத்தான் காசைத் திருப்பிக் கேட்டாங்க. நான் கையை மடியில வெச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டேன். இருட்டாச்சு. அப்புறம் எழுந்து போய் வயரை மாட்டினேன்.

விளையாட்டு இப்ப வழவழன்னு ஓடுது, உங்க டைரக்டர்கிட்ட சொல்லு. அந்த வீட்ல யாரும் இல்லை. இந்தத் தடவை நான் வராந்தாவுல நிக்கலைடா.

உன் அக்கா